வேலியோரத்து அரளி

அரளியைப் பற்றி நெடுங்காலமாக எனக்கு இருந்த உறுதி, என் தங்கை சொன்ன ஒரு வார்த்தையில் ஆட்டம் கண்டது. தன் சிறு மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவள், சுற்றுச்சுவரை ஒட்டி நின்ற செவ்வரளியையும் வெள்ளரளியையும் பார்த்துவிட்டு, "அண்ணா, குழந்தைகள் வந்து போகிற வீட்டில் இந்த விஷச் செடியை எதற்கு வைத்திருக்கிறீர்கள்? வேரோடு எடுத்துவிடுங்கள்" என்றாள். அவள் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் அதே நாட்களில்தான், புது வீட்டுக்குக் குடிபோன நண்பர் ஒருவர், தண்ணீர் அதிகம் செலவிடாமல் மாதக்கணக்கில் பூக்கிற செடி எது என்று கேட்டபோது, சற்றும் தயங்காமல் அரளி என்று சொல்லியிருந்தேன். ஒரே செடியை ஒருவருக்குப் பரிந்துரைத்துவிட்டு, இன்னொருவர் அதைப் பிடுங்கச் சொல்லும்போது பதில் இல்லாமல் நின்றது பல நாட்கள் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

நான் பேசுவது நீண்டு ஒடுங்கிய தடித்த இலைகள் கணுவுக்கு மூன்றாகச் சுற்றி நிற்கும் அரளியைப் பற்றி. 1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் நீரியம் ஒலியாண்டர் என்று பெயரிட்ட இனம் அது. புனல் வடிவில் மஞ்சள் பூக்கும் மஞ்சள் அரளி இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு செடி. அதுவும் கடும் நச்சுள்ளது என்பதை மட்டும் சொல்லிவிட்டு அதை விட்டுவிடுகிறேன்.

ஆற்றுப்படுகையின் செடி

வறட்சியைத் தாங்கும் செடி என்றவுடன், நீரே இல்லாத நிலத்தில் பிறந்த செடி என்று நினைத்துக்கொள்கிறோம். அரளியின் பிறப்பிடம் அத்தகையது அன்று. மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து தெற்காசியா வழியாகச் சீனா வரை பரவியிருக்கும் இந்தச் செடி, தானாக வளரும் இடங்களில் பெரும்பாலும் ஓடைக்கரைகளையும் ஆற்றுப்படுகைகளையுமே பற்றி நிற்கிறது. மழைக்காலத்தில் வெள்ளம் அடித்துக்கொண்டு ஓடி, கோடையில் கூழாங்கல் மட்டுமே மிஞ்சும் படுகைகள் அவை. மேலே மணல் சுடும்போதும் சில அடிக்குக் கீழே ஈரம் இருக்கும். அந்த ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கிய வேர்தான் அரளியின் முதல் பலம். வெள்ளம் கிளைகளை முறித்துப் போட்டால் அடியிலிருந்து மறுபடியும் தளிர்ப்பது இரண்டாவது பலம். தோட்டத்தில் நாம் அரளியைப் புகழ்வதற்குக் காரணமான குணங்கள் எல்லாமே இந்தப் படுகை வாழ்க்கையில் தேறியவை என்று நான் நினைக்கிறேன். இதை உணர்ந்த பிறகு, அதற்கு எப்படித் தண்ணீர் விடுவது, எப்போது வெட்டுவது என்ற கேள்விகள் எனக்கு மிகவும் எளிதாகிவிட்டன.

மூன்றாவது பலம் இலையில் இருக்கிறது. முற்றிய இலை ஒன்றைப் பறிக்காமல் கிளையோடு சாய்த்து, அதன் அடிப்புறத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், வெளிறிய பச்சைப் பரப்பில் நரம்புகளுக்கு இடையே நுண்ணிய புள்ளிகள் நெருக்கமாகத் தெரியும். அவை வெறும் புள்ளிகள் அல்ல, குழிகள். பெரும்பாலான செடிகளில், காற்றும் நீராவியும் வந்து போகும் இலைத்துளைகள் இலையின் பரப்பிலேயே திறந்திருக்கும். அரளியில் அவை இந்தக் குழிகளுக்குள் ஒளிந்திருக்கின்றன. குழியின் உட்சுவரெங்கும் மெல்லிய மயிரிழைகள் நிறைந்திருப்பதால், வெளியே வீசும் வறண்ட காற்று துளைகளை நேராகத் தொடுவதில்லை. இலையின் மேற்பக்கத்தில் மெழுகு போர்த்த தடித்த புறப்படலமும், அதன் கீழே ஓரடுக்குக்கு மேற்பட்ட மேல்தோலும் இருக்கின்றன. தாவரவியல் வகுப்புகளில் வறட்சிக்கு ஏற்ற இலையமைப்பைக் காட்ட அரளி இலையின் குறுக்குவெட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு இதுவே காரணம். உச்சி வெயிலில் மற்ற செடிகள் துவண்டு தொங்கும்போது அரளி இலை விறைப்பாக நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் குழிகள் என் நினைவுக்கு வரும்.

தண்ணீரும் கத்தரியும்

அரளி தண்ணீரே கேட்காது என்று சொல்லி நடுபவர்கள், முதல் கோடையிலேயே அதை இழந்துவிட்டு, செடி சரியில்லை என்று குறைகூறுவதைப் பார்த்திருக்கிறேன். வறட்சியைத் தாங்குவது வேரூன்றிய செடி. நேற்று தொட்டியிலிருந்து இறக்கிய செடி அன்று. நட்ட முதல் ஆண்டில் அதற்குத் தவறாமல் தண்ணீர் வேண்டும். அதை எப்படிக் கொடுக்கிறோம் என்பதில்தான் மற்றதெல்லாம் அடங்கியிருக்கிறது. நாள்தோறும் தூரைச் சுற்றி ஒரு குவளை தெளித்தால் மேல்மண் மட்டும் நனையும். வேரும் மேலேயே சுருண்டு நின்றுவிடும். பிறகு ஒரு வாரம் நாம் வீட்டில் இல்லாவிட்டால் செடி காய்ந்துவிடும். வாரத்துக்கு ஒருமுறையோ, மண் மணற்பாங்காக இருந்தால் இருமுறையோ, அகலமாகப் பாத்தி கட்டி, நீர் ஓரடிக்குக் கீழே இறங்கும் அளவுக்கு நிதானமாக விட வேண்டும். அடுத்த முறை விடுவதற்கு முன் மேல்மண் காய்ந்திருக்க வேண்டும். செடி வளர வளரப் பாத்தியை வெளிநோக்கி விரித்துக்கொண்டே போனால் வேரும் அதைத் தொடர்ந்து போகும். காய்ந்த சருகை மூடாக்காகப் பரப்பும்போது தண்டை ஒட்டிக் குவிக்காமல் ஒரு சாண் தள்ளிப் போடுவது நல்லது. இரண்டாம் ஆண்டில் நீர் விடும் இடைவெளியை நீட்டலாம். அதன் பின்னர் கடும் கோடையில் எப்போதாவது ஒருமுறை ஆழமாக நனைத்தால் போதும். அந்த நனைப்புகூடச் செடி பிழைப்பதற்காக அல்ல, பூ நிறையப் பிடிப்பதற்காக.

மண்ணைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை. சத்துக் குறைந்த மண், சற்று உப்புப் படிந்த மண், சுண்ணாம்புத் தன்மை மிகுந்த மண் எல்லாவற்றிலும் அது வளரும். வடிகால் இல்லாமல் மாதக்கணக்கில் நீர் தேங்கும் களிமண்ணைத்தான் அது வெறுக்கிறது. வெயில் மட்டும் குறையக் கூடாது. நிழலில் நட்டால் கிளைகள் ஒல்லியாக நீண்டு, இலை மட்டும் மிஞ்சும். இரகத்தைப் பொறுத்து 2 மீட்டரிலிருந்து 6 மீட்டர் வரை உயரக்கூடியது என்பதால், வேலியாக நடும்போது செடிக்குச் செடி ஏறத்தாழ 2 மீட்டராவது விட வேண்டும். முதலிரண்டு ஆண்டுகள் அந்த இடைவெளி வெறுமையாகத் தெரியும். அதைப் பொறுக்காமல் நெருக்கி நடுபவர்களின் வேலி, பிற்பாடு உட்புறம் இலையற்றுக் குச்சியாக நிற்கும்.

பூ புதுக்கிளையின் நுனியில்தான் வரும். ஆகவே பூத்து ஓய்ந்தவுடன் கிளைகளில் மூன்றில் ஒரு பங்கைக் கவாத்து செய்தால், வெட்டிய இடத்துக்குக் கீழே பல தளிர்கள் பிரிந்து, ஒவ்வொன்றின் நுனியிலும் பூக்கொத்து பிடிக்கும். காலந்தவறி, மொட்டு கட்டும் சமயத்தில் வெட்டினால் அந்தப் பருவத்துப் பூவையே வெட்டிவிடுவோம். பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்டு, அடிப்பகுதி மொட்டையாகிவிட்ட கிழட்டு அரளியைத் தரையிலிருந்து ஓரடி விட்டு முழுவதுமாக வெட்டினாலும் மறுபடி தழைக்கும். வெள்ளம் செய்து பழக்கிய வேலையைத்தான் நாம் கத்தரியால் செய்கிறோம். உரம் அரிதாகக் கொடுத்தால் போதும். தழைச்சத்தை அள்ளிப் போட்டால் சாறு நிறைந்த இளந்தளிர்கள் கிளம்பும். அவற்றைத் தேடி மஞ்சள் உடலும் கருங்கால்களும் கொண்ட அரளி அசுவினி என்னும் சிறு பூச்சி கூட்டமாக வந்து மொய்க்கும். அந்த அசுவினிகள் எல்லாமே பெண்கள். இணை சேராமலேயே குட்டி போடுவதால்தான் ஒரு வாரத்தில் தண்டே மஞ்சளாகத் தெரியும் அளவுக்குப் பெருகுகின்றன. மருந்து அடிக்கத் தேவையில்லை. குழாய் நீரை வேகமாகப் பீய்ச்சினால் உதிர்ந்துவிடும்.

நச்சை உள்ளபடி சொல்வது

தங்கையின் கேள்விக்கு வருகிறேன். அரளியின் இலை, தண்டு, பூ, வேர், விதை என எல்லாப் பகுதியும் நச்சு. அதிலுள்ள ஒலியாண்ட்ரின் முதலான கிளைக்கோசைடுகள் என்னும் நச்சுப்பொருட்கள், இதயத் தசைச் செல்களின் சவ்வில் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் எக்கியைத் தடுத்துவிடுகின்றன. இதய நோய்க்கு மருந்தாகக் கொடுக்கப்படும் டிகாக்சினும் இதே எக்கியில்தான் வேலை செய்கிறது. ஆனால் மருந்துக்கு அளவு உண்டு, மென்று தின்ற இலைக்கு அளவு கிடையாது. குமட்டலும் வாந்தியும் வரும். நாடி மெதுவாகும், பிறகு தாறுமாறாகும். உயிரும் போகலாம். காய்ந்த இலையிலும் நச்சு அப்படியே இருக்கிறது. பச்சை இலையின் கசப்பு கால்நடைகளை ஓரளவு விரட்டுகிறது. காய்ந்து சருகானபின் கசப்பு குறைந்து, தீவனத்தோடு கலந்துவிட்டால் அவை தெரியாமல் தின்றுவிடுகின்றன. வெட்டிய குச்சிகளை எரித்தால் புகையும் தீங்கு செய்யும். குழந்தை ஒன்று இலையைக் கடித்துவிட்டது என்று ஐயம் எழுந்தால்கூட, அறிகுறி தெரியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். எதைக் கடித்தது என்று காட்டக் கையில் ஒரு கிளையையும் எடுத்துப் போக வேண்டும்.

இவ்வளவையும் சொன்னபின், மிகைப்படுத்தாமல் இருப்பதும் கடமை என்று கருதுகிறேன். அரளிக் குச்சியில் இறைச்சியைக் கோத்துச் சுட்டுத் தின்ற படைவீரர்கள் கூட்டமாக மடிந்தார்கள் என்ற கதை பல நாடுகளில், ஒவ்வொரு போரோடும் இணைத்துச் சொல்லப்படுகிறது. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில் அரளிக் குச்சியில் கோத்துச் சுட்ட இறைச்சியை உண்மையிலேயே சோதித்துப் பார்த்தபோது, அதில் ஏறியிருந்த ஒலியாண்ட்ரின் மிக மிகச் சொற்பம் என்றே தெரிந்தது. அதற்காக யாரும் அந்தக் குச்சியை அடுப்பங்கரைக்குக் கொண்டுபோகக் கூடாது. நான் சொல்ல வருவது வேறு: அரளி அருகில் நின்றாலே ஆபத்து என்று நம்புகிறவரும், ஊரெல்லாம் இருக்கிறதே என்று அலட்சியம் செய்கிறவரும் அந்தச் செடியை உள்ளபடி பார்க்கவில்லை.

கத்தரியோடு போன காலை

இத்தனை தெரிந்தும், ஒரு குழந்தையின் பாதுகாப்பு என்று வரும்போது இந்த விளக்கங்களுக்கு மதிப்பில்லை என்று முடிவு செய்து, ஒரு காலையில் நீண்ட கைப்பிடிக் கத்தரியோடு வேலியோரம் போனேன். வரிசையின் கடைசியில் நின்ற வெள்ளரளியில் தொடங்கலாம் என்று கிளையை வளைத்தபோது, தளிர்ப்பகுதியில் நான்கைந்து இலைகள் விளிம்பிலிருந்து அரித்துத் தின்னப்பட்டிருந்தன. அரளியை எதுவும் தின்னாது என்பது என் எண்ணம். அசுவினி சாற்றை உறிஞ்சுமே தவிர இலையைத் தின்னாது. கிளையைத் திருப்பினேன். வெள்ளையும் கறுப்புமாக வளையம் வளையமாகக் கோடிட்ட புழு ஒன்று, சுண்டுவிரல் நீளத்தில், இலையின் அடியில் ஒட்டியிருந்தது. பக்கவாட்டில் செம்மஞ்சள் பட்டை ஓடியது. உடலின் மேல் நான்கு இணைக் கருந்தந்துகள் நீண்டு வளைந்து, அது அசையும்போதெல்லாம் அவையும் அசைந்தன. வெண்புள்ளிக் கருப்பன் வண்ணத்துப்பூச்சியின் புழு அது.

அது தின்ற விதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். அது நேராக இலையைக் கடிக்கவில்லை. முதலில் காம்புக்கு அருகே போய் நடுநரம்பைக் கடித்தது. கசிந்த பால் அங்கேயே சிறு துளியாகத் திரண்டது. தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு சற்றுப் பொறுத்து, மறுபடி அதே இடத்தைக் கடித்தது. நரம்பு அறுந்த இலை மெல்லத் தொய்ந்தது. அதன் பிறகே புழு நுனிப்பக்கம் நகர்ந்து, பால் வராத பகுதியிலிருந்து நிதானமாகத் தின்னத் தொடங்கியது. செடியின் நச்சைப் புழு உடலில் சேர்த்துவைத்துக் கொண்டு பறவைகளிடமிருந்து தப்புகிறது என்றே நான் கேள்விப்பட்டிருந்தேன். பிறகு படித்தபோது, அரளி அசுவினி அப்படிச் செய்வது உண்மை என்றும், இந்தப் புழுவோ அரளியைத் தின்று வளர்ந்தாலும் அதன் நச்சைச் சேமிப்பதில்லை என்று 1983-இலேயே கண்டறியப்பட்டது என்றும் அறிந்தேன். சேமிக்காமல், மடியாமல், அந்த இலையை உணவாக மட்டுமே அது எடுத்துக்கொள்கிறது.

அன்று கத்தரி வேலை செய்யவில்லை. புழு இருந்தது என்ற இரக்கம் மட்டும் அதற்குக் காரணம் அல்ல. கோடையில் சுற்றிலும் எல்லாம் காய்ந்து கிடக்க, படுகையில் தனியாகப் பச்சையாக நிற்கும் ஒரு செடிக்குப் பசித்த வாய்களிடமிருந்து தப்ப வேறு என்ன வழி இருந்திருக்கும் என்ற எண்ணம் அப்போதுதான் எனக்குத் தெளிவாக வந்தது. நீரற்ற மாதங்களில் இலையுதிர்க்காமல் நிற்கிறது என்பதற்காக அரளியை விரும்புகிறேன். அப்படி நிற்க முடிவதற்கு அதன் நச்சும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். வறட்சித் தாங்குதலை மட்டும் எடுத்துக்கொண்டு நச்சை வேண்டாம் என்று சொல்ல, இந்தச் செடியிடம் இடமில்லை. ஆகவே கேள்வி அரளி வேண்டுமா வேண்டாமா என்பதாக இல்லாமல், எங்கே நிற்கலாம் என்பதாக மாறியது.

தங்கைக்கு நியாயம் இருந்த இடத்தில் அவள் சொன்னதைச் செய்தேன். வாசற்படியை ஒட்டி, குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் கிளை தாழ்ந்து நின்ற செவ்வரளியை எடுத்துவிட்டேன். அரளியை எடுப்பது எளிதான வேலை அன்று. தண்டை வெட்டியதோடு விட்டால் அடித்தூரிலிருந்து கன்று கன்றாகக் கிளம்பும். தூரைச் சுற்றிப் பள்ளம் தோண்டி, தடித்த வேர்களை அறுத்து, அடிக்கட்டையை நெம்பி எடுத்தபின்னும், விடுபட்ட வேர்த்துண்டுகளிலிருந்து தளிர் வந்தது. வந்தபோதெல்லாம் இலை விரியும் முன்பே கிள்ளிக்கொண்டிருந்தால் மட்டுமே அது ஓயும். கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. பால் தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும், கண்ணில் தெறித்தால் எரியும். சுவரோர வரிசை அப்படியே நிற்கிறது. அதற்கு முன்னால் குழந்தைகள் நுழைய முடியாதபடி இடுப்பளவு உயரத்தில் நச்சில்லாத அடர்ந்த புதர் ஒன்றை நட்டிருக்கிறேன். தங்கைக்கு இதில் முழு நிறைவு இல்லை. அவளுடைய மகள் வரும்போது கூடவே நடப்பதை நானும் விடுவதில்லை.

தாங்கும் அளவு

அரளியின் உறுதியைப் பற்றிச் சொல்லப்படும் செய்திகளில் என்னை மிகவும் தொட்டது ஹிரோஷிமாவுடையது. 1945-இல் அணுகுண்டு விழுந்தபின், பல்லாண்டுகளுக்குப் புல்கூட முளைக்காது என்று பேசப்பட்ட மண்ணில் முதலில் பூத்தது அரளி என்று அந்நகரத்தார் போற்றுகிறார்கள். 1973-இல் அதைத் தங்கள் நகரின் மலராகவும் அறிவித்தார்கள். அமெரிக்காவின் கால்வெஸ்டன் தீவு நகரத்தில் 1841-இல் முதன்முதலாக நட்ட அரளி, உப்புக்காற்றையும் உவர்மண்ணையும் பொருட்படுத்தாமல் ஊரெங்கும் பரவி, அந்த ஊருக்கே அரளி நகரம் என்ற பெயரை வாங்கித் தந்தது. கலிபோர்னியாவின் நெடுஞ்சாலை நடுத்திட்டுகளில் வாகனப் புகையையும் தார்ச்சாலையின் வெக்கையையும் வாங்கிக்கொண்டு மைல் கணக்கில் நின்றதும் இதே செடிதான்.

அதே கலிபோர்னியாவில்தான் 1990-களில் அரளி கூட்டம் கூட்டமாகக் காயத் தொடங்கியது. சைலெல்லா என்னும் பாக்டீரியா, சாறுறிஞ்சும் தத்துப்பூச்சிகள் வழியாகச் செடிக்குள் புகுந்து, நீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடுகிறது. இலையின் நுனியும் விளிம்பும் கருகும். பார்க்கிறவருக்குத் தண்ணீர்ப் பற்றாக்குறை என்றே தோன்றும். எவ்வளவு நீர் விட்டாலும் பயனில்லை, குணப்படுத்த மருந்தும் இல்லை. செடியை எடுத்துவிடுவதைத் தவிர வழியில்லை. மண்ணில் நீர் இல்லாவிட்டால் சமாளிக்கத் தெரிந்த செடிக்கு, உடலுக்குள்ளேயே நீர்வழி அடைபட்டால் ஒன்றும் செய்ய முடியவில்லை. எங்கு பார்த்தாலும் ஒரே செடியை நெடுக நடுவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கும் இது சான்று. வேலி முழுவதையும் அரளியால் நிரப்பாமல், வேறு குடும்பத்துப் புதர்களை இடையிடையே நடுவதையே நான் இப்போது விரும்புகிறேன். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அரளிப்பூவில் தேன் கிடையாது. நிறத்தையும் மணத்தையும் நம்பி வரும் பூச்சி வெறுங்கையோடு திரும்புகிறது. தேனீக்கள் வர வேண்டும் என்று விரும்புகிறவர், பக்கத்தில் தேனுள்ள செடி ஒன்றையாவது வைக்க வேண்டும்.

நண்பருக்கு நான் சொன்ன பதிலைத் திரும்பப் பெறவில்லை, ஆனால் நீளமாக்கினேன். வீட்டில் தவழும் குழந்தையோ, எதையும் மென்று பார்க்கும் நாய்க்குட்டியோ, ஆடு மாடோ இருக்கிறதா என்று கேட்டேன். வெட்டிய கிளைகளை எங்கே போடுவீர்கள் என்று கேட்டேன். அவர் எரித்துவிடலாம் என்றபோது, கூடாது என்று சொல்லி, கால்நடைகள் வாய்வைக்க முடியாதபடி கட்டிக் குப்பை வண்டியில் சேர்க்கச் சொன்னேன். கிணற்றுக்கும் மீன்தொட்டிக்கும் மேலே கிளை தாழாதபடி, வெயில் முழுவதும் படும் பின்வேலியோரத்தில் இடம் பார்த்தோம். என் வெள்ளரளியிலிருந்து பென்சில் பருமனுள்ள குச்சிகளைச் சாண் நீளத்துக்கு வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, மூடியுள்ள போத்தலில் நீரூற்றி வைத்துக் கொடுத்தேன். சில வாரங்களில் வேர் விட்டுவிடும். போத்தலின் நீரிலும் நச்சு இறங்கும் என்பதால் அதை உயரத்தில் வைக்கவும், மாற்றும் நீரை வடிகாலில் கொட்டவும் சொல்லியிருக்கிறேன். மழைக்காலத் தொடக்கத்தில் நட்டால் கோடை வருவதற்குள் வேர் கீழே இறங்க அவகாசம் கிடைக்கும்.